குனிந்து குடம் தூக்கியதற்கே முள்ளெலும்பு நசுங்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. கீழே விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. நிரம்பிய குடத்தைக் குனிந்து தூக்கியபோது முதுகில் சுரீரென்றது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினீர்கள். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயில், இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு முன்பக்கமாக நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. எலும்பின் தாது அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண், மைனஸ் 2.2. டாக்டர், "உள்ளே இருக்கும் பஞ்செலும்பு கரைந்துபோயிருக்கிறது" என்றார். பஞ்சு என்றால் அமுங்கி மீண்டும் எழும்ப வேண்டாமா, எலும்பு எப்படிக் கரையும், கரைந்தது திரும்ப வளருமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கூடவே உடற்பயிற்சி உதவுமா, அம்மா நிமிர்ந்து நடப்பாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அறுபது வருடம் குடம் தூக்கிய முதுகு அன்றைக்கு மட்டும் ஏன் தாங்கவில்லை?

நான் மருத்துவர் இல்லை. இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் எலும்புத் துண்டுகளை வெட்டி, அழுத்தி, எந்தச் சுமையில் எப்படி உடைகின்றன என்று பார்ப்பதையே வேலையாகச் செய்தவள். அதனால் எலும்பு ஏன் நசுங்குகிறது என்பதை நம்பிக்கையோடு சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு எந்த மருந்து என்பதைச் சொல்ல மாட்டேன், அது என் எல்லைக்கு வெளியே. படத்தைப் பார்க்காமல் ஒன்று மட்டும் சொல்லலாம். முள்ளெலும்பு நசுங்குவதெல்லாம் வயதால் வரும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) இல்லை. காசநோய், மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்று, வேறு இடத்திலிருந்து பரவிய புற்று ஆகியவையும் இப்படிச் செய்யும். அவை இல்லை என்று ரத்தப் பரிசோதனையிலும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யிலும் உறுதி செய்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே எழுதுவதெல்லாம் அது எலும்புப்புரைதான் என்று வைத்துக்கொண்டு எழுதுவது.

பஞ்செலும்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆட்டுத் தொடைக்கறி வாங்கும்போது கடைக்காரர் எலும்பை மூட்டுக்குப் பக்கத்தில் வெட்டினால், வெட்டு வாயில் செந்நிறமாகச் சல்லடை போல ஒன்று தெரியும். குழம்பில் வெந்த பிறகு அதைக் கடித்தால் நறநறவென்று நொறுங்கும், உறிஞ்சினால் சாறு வரும். அதே எலும்பின் நடுத்தண்டை வெட்டினால் சல்லடை இருக்காது. கெட்டியான குழாய்ச் சுவரும் நடுவில் மஜ்ஜையும் இருக்கும், நல்லி என்று நாம் தட்டி எடுப்பது அதைத்தான். சல்லடையும் குழாய்ச் சுவரும் அடிப்படையில் ஒரே பொருள்தான். கொலாஜன் என்ற புரத நாரும் அதில் படிந்த கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் தண்ணீரும் சேர்ந்தது. கட்டியிருக்கும் விதம்தான் வேறு. கெட்டி எலும்பில் துளை 5 முதல் 10 சதவீதம். பஞ்செலும்பில் பாதிக்கு மேலே துளை, சில இடங்களில் 90 சதவீதம் வரை. அந்தத் துளைகளில்தான் மஜ்ஜை இருக்கிறது, பெரியவர்களின் உடம்பில் ரத்த அணுக்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன.

முள்ளெலும்பின் உடல் என்பது சின்ன டப்பா மாதிரி. வெளியே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய ஓடு, உள்ளே முழுக்கப் பஞ்செலும்பு. அந்தப் பஞ்செலும்பை நுண்ணோக்கியில் பார்த்தால் நிறையச் சட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு தலைமுடி மொத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் சுமை மேலிருந்து கீழே இறங்குவதால், மேலும் கீழுமாக நிற்கும் நெடுக்குச் சட்டங்கள் தடிமனாக இருக்கும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் மெலிதாக இருக்கும். வயதான ஒருவரின் முள்ளெலும்புக்குள் இந்தச் சட்டங்கள் அடைத்திருக்கும் இடம் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மீதியெல்லாம் மஜ்ஜையும் கொழுப்பும்தான்.

இப்போது முதல் கேள்வி. பஞ்சு என்ற பெயர் தோற்றத்தைப் பார்த்து வைத்தது, குணத்தைப் பார்த்து வைத்ததல்ல. ஆய்வகத்தில் நாங்கள் மாட்டெலும்பிலிருந்து சுண்டுவிரல் மொத்தத்தில் உருளைத் துண்டுகள் எடுப்போம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைரப்பல் ரம்பத்தில் அறுத்து, தண்ணீரைப் பீய்ச்சி மஜ்ஜையைக் கழுவி எடுத்தால் கையில் இருப்பது பவழத்துண்டு போல இருக்கும். விரலால் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதை அழுத்தும் இயந்திரத்தில் வைத்து மெல்லச் சுமை ஏற்றினால், திரையில் கோடு நேராக மேலே ஏறும். அந்தக் கட்டத்தில் சுமையை எடுத்துவிட்டால் துண்டு பழைய உயரத்துக்கே திரும்பும். ஒரு புள்ளியில் கோடு வளையும். அதற்கு மேல் சுமை ஏறாது, துண்டு மட்டும் அமுங்கிக்கொண்டே போகும். காதைப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய நெரிசல் சத்தம் கேட்கும், சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து உடைகிற சத்தம் அது. கடைசியில் உடைந்தவை ஒன்றின் மேல் ஒன்று படிந்து நெருக்கிக்கொண்ட பிறகு கோடு மறுபடி செங்குத்தாக ஏறும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வளையும் புள்ளி எங்கே வருகிறது என்பது. அது உயரத்தில் சுமார் 0.7 அல்லது 0.8 சதவீதம் அமுங்கும்போதே வந்துவிடுகிறது. எலும்பு அடர்த்தியாக இருந்தாலும் சன்னமாக இருந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. இது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம், இதில் சந்தேகம் இல்லை. உங்கள் அம்மாவின் முள்ளெலும்பு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரம் என்றால், அது அமுங்கி மீளக்கூடிய அளவு 0.2 மில்லிமீட்டர். இரண்டு காகிதத்தின் தடிமன். அதைத் தாண்டினால் மீளாது.

மாறுவது, அந்த 0.2 மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு சுமை வேண்டும் என்பதுதான். பஞ்செலும்பின் வலிமை ஏறத்தாழ அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கார்ட்டர், ஹேய்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-இல் காட்டினார்கள். அதாவது அடர்த்தியில் 30 சதவீதம் போனால், மிஞ்சும் வலிமை 70 இல்லை, 49. பாதி போய்விடுகிறது. எந்த எலும்பு, எந்த இடம் என்பதைப் பொறுத்து, வர்க்கம் என்ற இந்த அடுக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும். துண்டை அறுக்கும்போது ஓரத்துச் சட்டங்கள் துண்டிக்கப்பட்டு ஆதாரம் இழந்துவிடுவதால், ஆய்வகத்து எண்களிலேயே பிழை வரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடர்த்தி குறைவதை விட வேகமாக வலிமை குறைகிறது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

அது ஏன் என்பதற்கு வீடு கட்டுகிற இடத்தில் சவுக்குக் கம்பால் கட்டிய சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நெடுக்குக் கம்புகள்தான் சுமையைத் தாங்குகின்றன. குறுக்குக் கம்புகள் சுமை தாங்குவதில்லை போலத் தெரியும். ஆனால் ஒரு குறுக்குக் கம்பை அவிழ்த்துவிட்டால், அந்த இடத்தில் நெடுக்குக் கம்பு பிடிமானம் இல்லாமல் நிற்கும் நீளம் இரண்டு மடங்காகிறது. மெலிந்த தூண் எவ்வளவு சுமையில் வளைந்து மடியும் என்பது அதன் பிடிமானமற்ற நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக இருக்கும். ஆய்லர் என்ற கணித மேதை பதினெட்டாம் நூற்றாண்டில் போட்ட கணக்கு அது. நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை கால் பங்கு. ஒரு கம்பைக்கூட மெலிதாக்கவில்லை, சாரத்தின் மொத்த எடையில் ஒரு கம்பு எடைதான் குறைந்தது, ஆனால் அந்த இடத்தின் பலம் நான்கில் ஒன்றாகிவிட்டது. வயதாகும்போது முள்ளெலும்பில் முதலில் காணாமல் போவது இந்த மெல்லிய குறுக்குச் சட்டங்கள்தான். எல்லாச் சட்டங்களும் சீராக மெலிந்து ஒரு குறிப்பிட்ட அளவு எலும்பு போவதை விட, அதே அளவு எலும்பு சட்டங்கள் அறுந்து போவதால் குறைந்தால் பலவீனம் பல மடங்கு அதிகம் என்பதைக் கணினி மாதிரிகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு எலும்பு இருக்கிறது என்பதோடு, அது எப்படி இணைந்திருக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் பலம்.

சரி, குடம். பெரிய பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 15 கிலோ வரும். குனிந்து கை நீட்டித் தூக்கும்போது குடம் முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். அதை எதிர்த்து இழுக்கும் முதுகுத் தசைகள் முள்ளெலும்பின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. ஏற்றத்தில் ஒரு பக்கக் கை எட்டு மடங்கு நீளம் என்பது போல. குடத்துக்காக மட்டும் தசை 120 கிலோ இழுக்க வேண்டும். குனிந்த மேலுடம்பு 25 கிலோ, அது 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது, அதற்கு இன்னொரு 100 கிலோ. தசை கீழ்நோக்கி இழுப்பதெல்லாம் முள்ளெலும்பின் மேல்தான் விழுகிறது. குடமும் மேலுடம்பும் நேராக ஏற்றும் 40 கிலோவையும் சேர்த்தால் 260 கிலோ. இது காகிதத்தின் ஓரத்தில் போடுகிற கணக்குதான், வயிற்றுக்குள் எழும் அழுத்தம் இதில் கொஞ்சம் குறைக்கும், வெடுக்கென்று தூக்கினால் கூடும். ஆனால் நேரடியாக அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் ஜெர்மனியில் வில்க்கேயும் கூட்டாளிகளும் ஒருவரின் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்குள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்ததில், சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7 என்று வந்தது. ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த அளவு என்பதால் எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. நான்கைந்து மடங்கு ஏறுகிறது என்பது மட்டும் நம்பத்தக்கது.

எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? இருபது முப்பது வயதில் ஒரு முள்ளெலும்பு ஏறத்தாழ 800 கிலோ தாங்கும். எழுபதை ஒட்டி அது 100 முதல் 200 கிலோ வரை இறங்கிவிடக்கூடும். ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியது. அப்படிப் பார்த்தால் அன்றைக்கு உங்கள் அம்மா செய்தது என்றைக்கும் செய்ததைத்தான். குடத்தின் சுமை மாறவில்லை, முள்ளெலும்பின் எல்லை பல வருடமாக இறங்கி வந்து அந்தச் சுமைக்குக் கீழே போய்விட்டது. வெளியே தெரியாமல் இருந்ததில் உங்கள் தவறு ஏதுமில்லை. பஞ்செலும்பு மெலிவது வலிக்காது. முள்ளெலும்பு நசுங்கல்களில் பாதிக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், வெறும் முதுகுவலி என்றே கடந்து போகின்றன. முன்பக்கம் ஏன் நசுங்கியது என்றால், குனியும்போது சுமை முன்பக்கம் சாய்கிறது. முதல் இடுப்பு முள்ளெலும்பு ஏன் என்றால், விலா எலும்புகளோடு பிணைந்து விறைப்பாக இருக்கும் நெஞ்சு முதுகும் தாராளமாக வளையும் இடுப்பு முதுகும் சந்திக்கிற இடம் அது. உலகம் முழுக்கவே இந்த நசுங்கல் அதிகம் வரும் இடங்களில் ஒன்று.

இரண்டாவது கேள்வி, எலும்பு எப்படிக் கரையும் என்பது. "தேய்மானம்" என்று நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்வதும் இதுவும் வேறு வேறு. இங்கே எதுவும் உரசித் தேயவில்லை. எலும்புப்புரை என்ற சொல் எனக்குப் பிடிக்கும், உள்ளே புரை விழுந்திருக்கிறது என்று நடந்ததை அப்படியே சொல்கிறது.

எலும்பு கட்டி முடித்த கட்டடம் இல்லை. வருடம் முழுக்க வேலை நடக்கிற இடம். ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் சட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து, 0.05 மில்லிமீட்டர் அளவு ஆழத்துக்குக் குழி தோண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். பின்னால் வரும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்ப மூன்று நான்கு மாதம் ஆகும். நுண்விரிசல் விழுந்த பழைய எலும்பை எடுத்துவிட்டுப் புதிது வைக்கிற ஏற்பாடு இது, இல்லாவிட்டால் எலும்பு களைத்து உடைந்துவிடும். உடம்பிலுள்ள எலும்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் பஞ்செலும்பு, ஆனால் அதன் பரப்பு மிகப் பெரியது, தோண்டும் வேலை பரப்பில்தான் நடக்கும். அதனால் கெட்டி எலும்பில் வருடத்துக்கு 2, 3 சதவீதம் புதுப்பிக்கப்படும்போது, பஞ்செலும்பில் ஏறத்தாழ கால் பங்கு புதுப்பிக்கப்படுகிறது. நல்லதோ கெட்டதோ, முதலில் அங்கேதான் தெரியும்.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அந்த ஹார்மோன் ஆஸ்டியோகிளாஸ்ட்டின் ஆயுளைக் குறுக்கி வைத்திருந்தது. இப்போது ஒவ்வொன்றும் கூடுதல் நாள் உயிரோடு இருந்து கூடுதல் ஆழம் தோண்டும், ஒரே நேரத்தில் தோண்டப்படும் இடங்களும் கூடும். மேலே சொன்ன அளவுகளைச் சேர்த்துப் பாருங்கள். சட்டத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், ஒரு குழியின் ஆழம் 0.05. இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டினால் சட்டம் அறுந்தது. அறுந்துவிட்டால் நிரப்ப வருகிற செல்லுக்கு உட்காரத் தளமே இல்லை. இரண்டு நுனிகளும் சுமை இல்லாமல் தொங்கும், சுமை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, அந்த நுனிகளும் மெல்லக் கரையும். டாக்டர் கரைந்துவிட்டது என்று சொன்னது இதைத்தான்.

சுமை இல்லாததை உடம்பு வைத்துக்கொள்ளாது என்றேன். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1860-களில் சூரிச்சில் உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் வான் மேயர், தொடையெலும்பின் தலையை நெடுக வெட்டிச் சட்டங்கள் வளைந்து போகும் பாதையைக் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கார்ல் குல்மன் என்ற பொறியியலாளருக்கு, தான் பாரந்தூக்கிக்குப் போட்ட அழுத்தக் கோடுகளே அங்கே எலும்பாக நிற்பது போலத் தெரிந்தது. அந்த எண்ணத்தை ஜூலியஸ் வோல்ஃப் என்ற எலும்பு மருத்துவர் வளர்த்து, சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைக்கிறது என்று 1892-இல் நூலாக எழுதினார். அவர் சொன்ன கணித வடிவம் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். சட்டங்கள் எல்லா இடத்திலும் செங்கோணத்தில் வெட்டிக்கொள்வதில்லை, துளைகள் நிறைந்த பொருளுக்குக் கெட்டிப் பொருளின் கோடுகளை அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனால் அடிப்படைக் கருத்து நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று 2006-இல் வந்தது. கினிக்கோழிகளில் ஒரு கூட்டத்தைச் சமதளத்திலும் இன்னொரு கூட்டத்தைச் சாய்ந்த ஓடுபட்டையிலும் (டிரெட்மில்) ஓடவிட்டார்கள். சாய்வில் ஓடிய கோழிகளின் முழங்கால் சுமார் 14 டிகிரி கூடுதலாக மடங்கியது. கடைசியில் எலும்பை ஸ்கேன் செய்தபோது, உள்ளே சட்டங்களின் திசையும் கிட்டத்தட்ட அதே 14 டிகிரி திரும்பியிருந்தது.

சுமையை உணர்கிறவை ஆஸ்டியோசைட் செல்கள், எலும்புக்குள்ளேயே புதைந்து, மெல்லிய இழைகளால் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. எலும்பு கொஞ்சம் வளையும்போது அந்த இழைகள் ஓடும் நுண்கால்வாய்களில் திரவம் நகர்வதை அவை உணர்கின்றன என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். செல்லின் எந்த உறுப்பு அதை உணர்கிறது என்பதில் இன்னும் ஆய்வு நடக்கிறது. உறுதியாகத் தெரிந்தது: சுமை ஏறும்போது அந்தச் செல்கள் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைவாகச் சுரக்கின்றன. அந்தப் புரதம் எலும்பு கட்டுவதற்குத் தடை போடுவது. தடை குறைந்தால் கட்டுமானம் கூடும்.

இனி டெக்ஸா. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்ற கோடு, உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகைப்படுத்துவதற்காகப் போட்டது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எலும்பு உடையாது என்று அதற்குப் பொருள் இல்லை. எலும்பு முறிந்த பெண்களில் பெரும்பாலோரின் எண் 2.5-ஐத் தொடாமல்தான் இருக்கிறது. டெக்ஸா எலும்பின் நிழலை எடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு தாது என்று சொல்கிறது. சட்டங்கள் அறுந்திருக்கின்றனவா, மெலிந்திருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. வயதானவர்களின் முதுகில் ஓரங்களில் வளரும் எலும்பு முளைகளும், முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் அந்த நிழலில் சேர்ந்து எண்ணை நல்லதாகக் காட்டும். இன்னொன்றும் பாருங்கள்: நசுங்கிய முள்ளெலும்பையும் கணக்கில் சேர்த்திருந்தால், அதே தாது சின்னப் பரப்பில் அடங்கிவிட்டதால் அது அடர்த்தி கூடிய எலும்பு போலத் தெரியும். நசுங்கியதை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்து எண் போட்டார்களா, தொடையெலும்புக் கழுத்தின் எண் என்ன என்று கேளுங்கள். எப்படியானாலும், மேலே சொன்ன வேறு நோய்கள் இல்லை என்றால், விழாமலேயே முள்ளெலும்பு நசுங்கியது என்பதே எலும்புப்புரைக்குப் போதுமான சான்று. மைனஸ் 2.2 என்ற எண்ணைப் பார்த்துச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு முள்ளெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொன்றும் நசுங்குகிறது. எனக்குப் பதற்றம் தருவது இந்த எண்தான்.

மூன்றாவது, திரும்ப வளருமா. நேர்மையான பதில்: அறுந்துபோன சட்டம் பெரும்பாலும் திரும்ப இணையாது, மிஞ்சிய சட்டங்கள் தடிக்கலாம். தூணின் தடிமன் கொஞ்சம் கூடினாலே அது மடியாமல் தாங்கும் சுமை வேகமாகக் கூடும், தடிமனின் நான்காம் அடுக்கில் (தடிமன் இரண்டு மடங்கானால் சுமை பதினாறு மடங்கு). அதனால் இணைப்பு போனாலும் முயற்சி வீண் இல்லை. அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் தோண்டும் செல்களை அடக்குகின்றன. பழைய குழிகள் நிரம்பும், புதுக் குழிகள் குறையும். சோதனைகளில் அலெண்ட்ரோனேட் எடுத்தவர்களிடம் முள்ளெலும்பு நசுங்குவது பாதியாகக் குறைந்தது, ஆனால் டெக்ஸா எண் சில சதவீதம்தான் ஏறியது. நிழலின் எண் அதிகம் ஏறவில்லையே என்று சோர்ந்து மருந்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தெரிபாரடைட் என்ற தினசரி ஊசி கட்டும் செல்களைத் தூண்டுகிறது. ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப் 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மாரடைப்போ பக்கவாதமோ சமீபத்தில் வந்தவர்களுக்கு அதைத் தருவதில்லை. டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. அதைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: தேதியைத் தள்ளிப்போட்டாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ, அடக்கி வைத்த தோண்டல் ஒரேயடியாகக் கிளம்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நசுங்குவது உண்டு. அம்மாவுக்கு அது எழுதியிருந்தால் அடுத்த தேதியைக் காலண்டரில் இன்றே குறித்துவிடுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விலங்குகளில் தெளிவாகத் தெரிந்தது, அசையாத சுமை எலும்பை வளர்க்காது, ஏறி இறங்கும் சுமைதான் வளர்க்கும், அதுவும் ஒரு நாளைக்குச் சில டஜன் முறை போதும். வயதான பெண்களில் அதே அளவு பலன் வருவதில்லை. எடை தாங்கும் பயிற்சி எலும்பு இழப்பைக் குறைக்கிறது, தசையையும் நிதானத்தையும் கூட்டி விழாமல் காக்கிறது, அந்த இரண்டாவது பலன்தான் பெரிது. அதிர்வுப் பலகைகளை எலும்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். செம்மறியாடுகளை ஒரு வருடம், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் மெல்லிய அதிர்வில் நிற்கவைத்தபோது தொடையெலும்பின் பஞ்செலும்பு அடர்த்தி 34 சதவீதம் கூடியது, அது உண்மை. மாதவிடாய் நின்ற பெண்களிடமும் முதியவர்களிடமும் அதையே ஒழுங்காகச் சோதித்தபோது குறிப்பிடும்படி ஒன்றும் கூடவில்லை. அந்தப் பணத்தை அதில் போடாதீர்கள். கால்சியம், வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்தே ஆக வேண்டும், கேழ்வரகும் பாலும் நல்லவை. ஆனால் நசுங்கிய முள்ளெலும்பு உள்ள ஒருவருக்கு அவை மட்டும் போதாது. செங்கல் வாங்கி வைப்பதோடு கொத்தனாரும் வேண்டும்.

கடைசியாக, அம்மா நிமிர்ந்து நடப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்குகிறது. நசுங்கிய இடத்தில் புது எலும்பு வைத்து உடம்பு ஆற்றும், ஆனால் ஆப்பு வடிவம் ஆப்பு வடிவமாகவே நிற்கும், அமுங்கிய உயரம் திரும்பாது. ஒரே ஒரு முள்ளெலும்பு என்றால் நடையில் அதிகம் தெரியாது. படுத்தே கிடக்க வேண்டாம், வலி விடுகிற அளவுக்கு எழுந்து நடக்கட்டும். சுமை எடுத்துவிட்ட பஞ்செலும்பு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு விண்வெளி வீரர்களே சாட்சி, நல்ல உடம்புக்காரர்கள் இடுப்பெலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் இழந்து திரும்புகிறார்கள். தண்ணீரைப் பாதிக் குடமாகப் பிடித்து, மேடையில் வைத்து, உடம்போடு அணைத்து எடுக்கச் சொல்லுங்கள். 40 சென்டிமீட்டர் 20 ஆனால், குடத்துக்காக முதுகுத் தசை இழுப்பதில் பாதி குறைந்துவிடும். அப்புறம், அம்மாவைச் சுவரோரமாக நிறுத்தித் தலை உச்சியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் பாருங்கள். 2 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் இன்னொரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.